எக்ஸிமாவுக்கு எங்கே போவது: ஃபார்மசி, அரசு கிளினிக், தனியார் கிளினிக், தோல் நிபுணர், சித்த வைத்தியர்

கோலாலம்பூரில் ஒரு ஃபார்மசியில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். தமிழர்கள் அதிகம் வந்துபோகும் வட்டாரம் என்பதால், தோல் பிரச்சனையைத் தமிழிலேயே சொல்லி யோசனை கேட்பவர்கள் நிறைய. ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனா காலைல போனா மத்தியானம் ஆயிடுது. பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டா உடனே அடங்குது, திரும்ப வந்துடுது. ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனா எவ்வளவு ஆகுமோன்னு பயமா இருக்கு. எங்க அத்தை சித்த வைத்தியம் பாருன்னு சொல்றாங்க. நீங்களே ஒரு கிரீம் கொடுத்துடுங்களேன்."

இந்த ஐந்து வழிகளில் எதையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே வழி பொருந்தாது. அரிப்போடு வரும் தோல் அழற்சியான எக்ஸிமா என்ற ஒரு பெயருக்குள் ஆறேழு தோல் நோய்கள் இருக்கின்றன. கன்னம் சிவந்த கைக்குழந்தை, உள்ளங்கையில் கொப்புளம் வரும் சமையல்காரர், கணுக்கால் கறுத்துப்போன பாட்டி, மூவருக்கும் சீட்டில் எழுதப்படுவது எக்ஸிமாதான். மூவரும் போக வேண்டிய இடம் ஒன்றே அல்ல. கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் வகையைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், அந்த இடத்தில் என்ன வகை என்று சரியாகக் கண்டுபிடிக்க முடியுமா? இரண்டாவது, மொத்தச் செலவு. கவுண்டரில் கட்டும் பணத்தோடு அரைநாள் லீவு, கார் பார்க்கிங், வேலை செய்யாமல் அலமாரியில் கிடக்கும் டியூப்புகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, காத்திருக்கும் காலம். நான்காவது, அடுத்த முறை போகும்போதும் உங்கள் தோலை ஏற்கெனவே பார்த்த ஒருவரோ, அவர் எழுதிவைத்த குறிப்போ அங்கே இருக்குமா?

நான் அதிகம் மதிப்புக் கொடுப்பது முதலாவதுக்கும் நான்காவதுக்கும். எக்ஸிமா வந்து போய், மறுபடி வரும் நோய். ஒருமுறை அடங்கியதை வைத்து ஒரு மருத்துவரை நல்லவர், கெட்டவர் என்று முடிவு கட்ட முடியாது.

## உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை

இதற்கு முன் நம் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் எக்ஸிமா படம் தேடினால் வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்புத் திட்டுகளாக வரும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அது கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில நேரம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்ன மேடுகளாகவும் வரும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும், கண்ணுக்கு நிறம் தெரியாது. "சிவந்திருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு, முற்றிய எக்ஸிமாவோடு நடமாடுகிறவர்கள் நம்மில் பலர். அடங்கிய பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தழும்பும் நம்மவர்களுக்குத்தான் அதிகம். அந்தக் கறுப்பை நோய் என்று நினைத்து மேலும் மேலும் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) தடவக் கூடாது.

அடோபிக் எக்ஸிமா. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கும். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ காலையில் அடுக்குத் தும்மலோ இருக்கும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கை கால்களின் வெளிப்புறத்திலும் வரும். வளர வளர முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று இடம் மாறும். தோல் எப்போதும் வறண்டே இருக்கும். இராத்திரி அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் வழியும் வியர்வை, அலுவலக ஏர்கான், புகைமூட்டக் காலம், மூன்றுமே இதைக் கிளப்பிவிடும்.

காண்டாக்ட் எக்ஸிமா. எதையோ தொட்டதால் வருவது. இதில் இரண்டு பிரிவு. சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், கிருமிநாசினி, ஓயாத தண்ணீர் போன்றவை தோலை அரித்து வருவது ஒன்று. இது யாருக்கும் வரலாம். உடல் ஒரு பொருளை எதிரியாக நினைத்துவிடுவதால் வருவது இன்னொன்று. ஜீன்ஸ் பொத்தானிலும் கவரிங் நகையிலும் இருக்கும் நிக்கல், தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி., சிமெண்டில் இருக்கும் குரோமேட், ரப்பர் கையுறை, வாசனைப் பொருள் இவையெல்லாம் இந்தப் பட்டியலில் வரும். நம் வீட்டுப் பொருள்களும் உண்டு: ஸ்டிக்கர் பொட்டின் பசை, சாயம் கலந்த குங்குமம், நாள் முழுக்கப் பூண்டு உரிக்கும் விரல் நுனி. பினாங்கில் பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் ஈயப்பற்றில் சேர்க்கும் கொலொஃபனி பிசினையும் கையுறையையும் மறக்கக் கூடாது. இந்த வகையின் அடையாளம் எல்லை. பொட்டு வைத்த இடம், வாட்ச் பட்டை படும் இடம், கையுறை முடியும் மணிக்கட்டு என்று கோடு கிழித்தது போல் நிற்கும்.

செபோரிக் எக்ஸிமா. பொடுகின் பெரிய அண்ணன். தலை, புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்பக்கம், நெஞ்சு நடுப்பகுதி என எண்ணெய் சுரக்கும் இடங்களில் மஞ்சள் கலந்த செதில் வரும். நம் தோலில் அந்த இடங்கள் வெளிறியும் போகும், தேமலோ என்று பயப்படுகிறார்கள். தோலில் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு இதில் பங்கு உண்டு, அது தோலின் கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆகவே "தலை வறண்டு செதில் உதிருது" என்று நினைத்து எண்ணெயை ஊற வைத்தால் கூடத்தான் செய்யும்.

பொம்ஃபோலிக்ஸ். உள்ளங்கை, விரல்களின் பக்கவாட்டு, பாதம் ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் வேகவைத்த ஜவ்வரிசி பதிந்தது போல நீர்க்கொப்புளங்கள். முதலில் கடும் அரிப்பு, பிறகு காய்ந்து தோல் உரியும். வெப்பமும் வியர்வையும் மன அழுத்தமும் இதைக் கிளப்பும்.

வட்ட எக்ஸிமா. ஐம்பது காசு அளவில் தொடங்கும் வட்டங்கள், பெரும்பாலும் கால் கைகளில். நீர் வடிந்து பொருக்குக் கட்டும். படர்தாமரையோடு அதிகம் குழப்பப்படுவது இதுதான்.

தேக்க எக்ஸிமா. கணுக்காலின் உள்பக்கம் வரும். நரம்பு (சிரை) சுருட்டிக்கொண்ட கால், மாலையில் வீக்கம், பழுப்புக் கறை, அரிப்பு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வரும். இதன் வேர் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கிரீம் மட்டும் தடவிக்கொண்டிருந்தால் புண்ணில் கொண்டுபோய்விடும். நீரிழிவும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு.

நியூரோடெர்மடைட்டிஸ். பிடரியில், கணுக்காலில், முன்கையில் ஒரே இடத்தைச் சொறிந்து சொறிந்து தோல் தடித்து, கோடு கோடாக, கருத்துப்போயிருக்கும். டிவி பார்க்கும்போது கை தானாக அங்கே போகும்.

## எக்ஸிமா போலவே இருந்து ஏமாற்றுபவை

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணமும் காலமும் அதிகம் வீணாவது இங்கேதான்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஓரம் மேடாகவும் செதிலாகவும், நடுவில் ஆறியது போலவும் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். இதன் மேல் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே செழிக்கும், கடைசியில் அந்த வட்டமே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் பர்ஸிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துக் காட்டினார். அடியிலிருந்து பற்பசை போலச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருந்தார். ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரர் வாங்கிவந்தது. மேலே ஒட்டியிருந்த சிறிய எழுத்தைப் படித்தால் மூன்று மருந்து சேர்ந்த கலவை: மிகக் கடுமையான ஸ்டீராய்டான குளோபெட்டசோல், ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து. தொடை இடுக்கில் தடவியிருக்கிறார். தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போல ஊதாக் கோடுகள் விழுந்திருந்தன, பூஞ்சை வயிறு வரை ஏறியிருந்தது. அவர் எக்ஸிமா என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன், கவுண்டரில் தீர்க்கும் விஷயமில்லை அது.

சிரங்குப் பூச்சியால் வரும் சொறி இன்னொன்று. இராத்திரியில் அரிப்பு உச்சத்துக்குப் போகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் என்று தேடிப் பிடிக்கும். ஹாஸ்டலிலோ வீட்டிலோ ஒரே நேரத்தில் பலருக்கு இருக்கும். பெர்மெத்ரின் மருந்தை வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் பூசினால் தீரக்கூடியது. அதற்கு மாதக்கணக்கில் எக்ஸிமா கிரீம் தடவுவது கொடுமை.

சொரியாசிஸ் முழங்கை, முழங்கால் ஆகியவற்றின் வெளிப்புறத்தில் வரும். திட்டு தடித்து வெள்ளிச் செதிலோடு இருக்கும், நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும். இது நிபுணர் வேலை.

## ஃபார்மசி

என் சொந்த இடம் என்பதால் கூடுதலாகப் புகழவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

வகை தெரிந்தவர்களுக்கு, லேசாக இருப்பவர்களுக்கு, மாய்ஸ்ச்சரைசர் தீர்ந்துபோனவர்களுக்கு ஃபார்மசி போதும். ஏற்கெனவே அடோபிக் என்று மருத்துவர் சொல்லி, எப்படிக் கையாள்வது என்று தெரிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் கிளினிக் வரிசையில் நிற்கத் தேவையில்லை. பொடுகுக்குக் கீட்டோகொனசோல் ஷாம்பு இங்கேயே கிடைக்கும். தலையில் தடவி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தடவியதும் கழுவிவிட்டால் பலன் இல்லை.

மாய்ஸ்ச்சரைசர் வாங்கும்போது விலையைவிட அளவைப் பாருங்கள். உடம்பில் பரவலாக இருந்தால் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். 50 கிராம் டியூப்பை மாதம் முழுக்க ஓட்டுகிறவர்கள் விலையுயர்ந்த பிராண்ட் வாங்கியும் பலன் காண்பதில்லை. வாசனை இல்லாத, பெரிய டப்பா சாதாரணக் கிரீம் அதைவிட மேல். பகலில் கிரீம், இராத்திரி ஆயின்மெண்ட் (களிம்பு) என்று பிரித்துக்கொண்டால் நம் புழுக்கத்துக்கு ஒத்துவரும். களிம்பைப் பகலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் வியர்வை அடைபட்டு வேர்க்குரு வேறு சேரும். யூரியா கலந்த கிரீம் வெடித்த பாதத்துக்கு நல்லது, குழந்தையின் புண்ணான தோலில் எரியும்.

மறைந்த செலவு இதுதான்: மருத்துவரைப் பார்க்காமல் இந்த மாதம் ஒரு கிரீம், அடுத்த மாதம் இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே போவது. மருந்தாளர் உங்கள் தோலைக் கவுண்டருக்கு மேல் பார்க்கிறார், சட்டையைக் கழற்றிப் பார்ப்பதில்லை. சரியான மாய்ஸ்ச்சரைசரும் மென்மையான ஸ்டீராய்டும் பயன்படுத்தி இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் இல்லையென்றால் அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்காதீர்கள்.

## அரசு கிளினிக்

குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட், மருந்தும் அதற்குள்ளேயே. சுகாதார அமைச்சு 2018-இல் அடோபிக் எக்ஸிமாவுக்கென்றே சிகிச்சை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, கிளினிக் மருத்துவர்களுக்கும் அதுதான் அடிப்படை. மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு வசதி உள்ள கிளினிக்கானால் காத்திருப்பும் குறையும்.

வெள்ளை மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் "1:4" என்று எழுதிக் கொடுப்பார்கள். பீட்டாமெத்தசோனை அக்வியஸ் கிரீமில் கலந்து நீர்த்தது அது. பலர் அதைச் சாதாரண மாய்ஸ்ச்சரைசர் என்று நினைத்து உடம்பெல்லாம் பூசுகிறார்கள். அது ஸ்டீராய்டுதான், சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைதான். கூடவே கொடுக்கும் அக்வியஸ் கிரீமைச் சோப்புக்குப் பதிலாகக் குளிக்கப் பயன்படுத்துங்கள். அதில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருப்பதால், பூசி அப்படியே விட்டுவிட்டால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எரிச்சல் வரும். எரிந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு வகை கேளுங்கள்.

அரசு கிளினிக்கின் மிகப்பெரிய பலம் மருந்தில் இல்லை, பரிந்துரைக் கடிதத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் தோல் நிபுணரைப் பார்க்க அந்தக் கடிதம் வேண்டும். உங்கள் குறிப்பும் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே வரும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே அங்கே போய்வரும் பெரியவர்களின் தேக்க எக்ஸிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காலின் இரத்த நாடியைச் சோதித்த பிறகுதான் அழுத்தக் காலுறை போடலாமா என்று முடிவு செய்ய முடியும். நீரிழிவுக்காரர் அதைக் கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

குறை, காலம். தினக்கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் அந்த ஒரு ரிங்கிட்டை எங்கோ கொண்டுபோய்விடும். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்கலாம், ஆகவே முந்தைய மருந்தின் பெயரை நீங்களே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

## தாமான் கிளினிக்

தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி, அங்கே உள்ள தனியார் கிளினிக்கைச் சொல்கிறேன். வேலை முடிந்து இரவில் போகலாம், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்கும், பலருக்குக் கம்பெனியே பணம் கட்டும். நீர் வடிகிறது, மஞ்சள் பொருக்குக் கட்டியிருக்கிறது, சீழ் தெரிகிறது என்றால் அன்றே போங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சேர்ந்திருக்கும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். அந்த நிலையில் ஒரு ரிங்கிட் வரிசைக்காகக் காத்திருப்பது சிக்கனம் ஆகாது.

இங்கே நான் எச்சரிப்பது ஊசியை. அரிப்புக்குப் போடும் ஊசியில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். அன்று இரவே தூக்கம் வரும், மூன்று நாளில் தோல் பளபளக்கும், பிறகு முன்பைவிட மோசமாகக் கிளம்பும். திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். என்ன ஊசி என்று பெயர் கேட்டு எழுதி வாங்குவது உங்கள் உரிமை. மஞ்சள் நிறச் சின்ன மாத்திரையான குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொடுக்கும், எக்ஸிமாவின் அரிப்பை அது பெரிதாகக் குறைப்பதில்லை. லாரி, பஸ், மோட்டார் ஓட்டுகிறவர்கள் பகலில் போடவே கூடாது.

ஒரே கிளினிக்கில் ஒரே மருத்துவர் வருஷக்கணக்கில் இருக்கிறார், குடும்பத்தையே தெரியும் என்றால் இதுவே உங்களுக்கு மிகச் சிறந்த வழியாகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

## தோல் நிபுணர்

கோலாலம்பூரில் ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், ஜார்ஜ்டவுனில் பினாங்கு மருத்துவமனை, இவற்றில் தோல் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் ஐந்து ரிங்கிட். பல்கலைக்கழக மருத்துவமனையின் கட்டணம் தனி. தனியார் நிபுணரிடம் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் ஒரு வருகையிலேயே சில நூறு ரிங்கிட் ஆகலாம். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால்தான் உதவும், இந்த மாதிரி வெளிநோயாளிச் செலவுக்கு வராது. முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிபுணரிடம் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு: பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. நம் ஊரில் இது லேசான காரியமில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை போய்வர வேண்டும், அதற்கு லீவு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் கை எக்ஸிமாவால் வேலையை விடும் நிலைக்கு வந்த தொழிலாளிக்கு "உனக்கு ஆகாதது இந்த ரப்பர்தான்" என்று ஒரு பெயர் கிடைத்தால், வருஷக்கணக்கில் கிரீம் வாங்குவது நிற்கும். வேலையால் வந்தது என்று மருத்துவர் எழுதினால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் தொழில்நோய்ப் பாதுகாப்பின் கீழ் விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

இதோடு சிலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். இரத்தம் எடுத்து நூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கும் பேக்கேஜ் வேறு, பேட்ச் டெஸ்ட் வேறு. அந்த இரத்தச் சோதனையில் ஒரு உணவுக்கு நேர்மறை வந்தாலே அதைத் தின்றதால்தான் எக்ஸிமா என்று ஆகாது. அதை நம்பிக் குழந்தைக்குப் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி, எடை குறைந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. உணவை நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்.

மருந்துகளிலும் நிபுணரிடம் வாய்ப்பு அதிகம். முகத்துக்கும் கண் இமைக்கும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ், புற ஊதா ஒளிச் சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின், கடுமையான அடோபிக் எக்ஸிமாவுக்கு டுபிலுமாப் ஊசி என்று படிப்படியாகப் போகலாம். கடைசியாகச் சொன்னதன் விலை தனியாரில் ஆயிரங்களில் போகும். ஒளிச் சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போக வேண்டும், பாதையும் பார்க்கிங்கும் கணக்கில் வரட்டும்.

அரசு நிபுணரின் குறை, முதல் தேதி கிடைக்க வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பது. தனியாரில் ஒருமுறை பார்த்து வகையை உறுதி செய்துகொண்டு, தொடர் சிகிச்சையை அரசில் வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவரும். கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கிரீமில் போடாமல் இந்த ஒரு வருகையில் போடுங்கள் என்பது என் யோசனை.

## சித்த, ஆயுர்வேத வைத்தியம்

கரப்பான் என்று நம் முன்னோர் சொன்ன நோய்க்கூட்டத்தில் எக்ஸிமாவும் அடங்கும். வேப்பிலைக் குளியல், அருகம்புல் தைலம் என்று வீட்டிலேயே வழக்கம் இருக்கிறது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பதிவு பெற்றவர்தானா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

லேசான அடோபிக் எக்ஸிமாவுக்குக் கலப்பில்லாத வெர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசுவதில் தவறில்லை, சில ஆய்வுகளில் அது பலன் காட்டியிருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து தூக்கம், சாப்பாடு, மனக்கவலை என்று கேட்கும் வைத்தியர் கிடைத்தால் நோயாளிக்கு அதுவே பாதி ஆறுதல். நீரூறும் புண்ணிலும் செபோரிக் வகையிலும் எண்ணெய் வேண்டாம். மஞ்சளை வெந்த தோலில் அப்பி வெயிலில் நிற்கவும் வேண்டாம்.

ஆபத்து உள்மருந்தில். பாதரசமோ ஈயமோ சேர்ந்த பற்பங்கள் (சுட்டுப் பொடியாக்கிய மருந்துகள்) சிறுநீரகத்தைப் பாதிக்கும். "முழுக்க மூலிகை" என்று விற்கும் உருண்டைகளில் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. மூன்றே நாளில் எல்லா அரிப்பும் போய், முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள். பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், பாரம்பரிய மருந்தானால் கடைசி எழுத்து டி. மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் அதைத் தட்டிச் சரிபார்க்கலாம். இன்னொன்று: குப்பைமேனியைக் கஷாயமாகக் குடிக்கக் கொடுத்து, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே இந்தக் குறைபாட்டுக்குச் சோதிக்கிறார்கள், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| இடம் | யாருக்குப் பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது அங்கே நிற்கக் கூடாது |
|---|---|---|---|
| ஃபார்மசி | வகை தெரிந்த லேசான அடோபிக், பொடுகு, சோப்பால் வந்த கை வறட்சி | மாற்றி மாற்றி வாங்கும் கிரீம்கள் | இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை |
| அரசு கிளினிக் | குழந்தைகளின் அடோபிக், தேக்க எக்ஸிமா, பரிந்துரைக் கடிதம் | அரைநாள் வேலை, மாறும் மருத்துவர்கள் | அவசர அறிகுறி |
| தாமான் கிளினிக் | திடீரெனக் கிளம்பியது, சீழ், எம்.சி. தேவை | ஊசிக்குப் பின் திரும்பும் எக்ஸிமா | மூன்றாவது முறையும் அதே ஊசி |
| தோல் நிபுணர் | ஒவ்வாமை வகை, விடாத கைக் கொப்புளம், தூக்கம் போன அடோபிக், சந்தேக வட்டங்கள் | பேட்ச் டெஸ்ட் லீவு, தனியார் கட்டணம் | அடங்கிய பின் வெறும் மாய்ஸ்ச்சரைசருக்காக |
| சித்த, ஆயுர்வேதம் | லேசானது, மற்ற சிகிச்சையோடு துணையாக | கலப்படம், கனஉலோகம், தள்ளிப்போன நாள்கள் | நீர் வடியும் புண், கைக்குழந்தைக்கு உள்மருந்து |

இந்த அட்டவணைக்கு வெளியே ஒன்று. எக்ஸிமாவோடு காய்ச்சல், ஒரே அளவில் குழிவான, வலிக்கும் சின்னப் புண்கள் கூட்டமாகப் பரவுதல், கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளம், உடம்பெல்லாம் ஒரே சிவப்பாகிக் குளிர் எடுத்தல், இதில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமாத் தோலில் பரவினால் மணிக்கணக்கில் மோசமாகும்.

## எங்கே போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டியவை

வீட்டில் இருக்கும் எல்லா டியூப்பையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டில் வாங்கியது, எண்ணெய், தைலம், பொட்டு அட்டை எல்லாமே. மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் அடங்கியிருக்கும் வழக்கம் உண்டு. ஆகவே எக்ஸிமா கிளம்பும்போதே கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். ஃபிளாஷ் வெளிச்சத்தில் நம் நிறத்தில் சிவப்பு மறைந்துபோகும்.

ஸ்டீராய்டு கொடுத்தால் எந்த இடத்துக்கு, எத்தனை நாள், அடங்கிய பிறகு எப்படிக் குறைப்பது என்று மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். முகத்துக்குக் கொடுத்ததும் உள்ளங்கைக்குக் கொடுத்ததும் ஒன்றாக இருக்காது. அளவுக்கு எளிய வழி: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். பயந்து பயந்து கடுகளவு தடவுகிறவர்களுக்கும் அடங்குவதில்லை, பிறகு "இந்த மருந்து கேக்கலை" என்று இன்னும் கடுமையானதைத் தேடி வருகிறார்கள். மருத்துவர் சொன்னதைச் சொன்ன அளவில் பூசிவிட்டு, மாற்றம் இல்லையென்றால் அதே மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். அடுத்த படி என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.